கொழும்பில் பிள்ளைக்குப் பாடசாலை கிடைத்துவிட்டதா? வகுப்பையும் வருட நிகழ்ச்சிகளையும் பின்தொடர ஒரு வழிகாட்டி

வேலை மாற்றத்தாலோ குடும்பக் காரணத்தாலோ யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று எங்கிருந்தோ கொழும்புக்கு வந்து, பிள்ளைக்குத் தமிழ்மொழிமூல வகுப்பில் இடமும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பெற்றோர் அடுத்து கேட்பது, "நல்ல டியூஷன் எங்கே?" வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: வகுப்பில் இப்போது எந்தப் பாடம் போகிறது, இந்தத் தவணையில் பாடசாலையில் என்ன நடக்கப்போகிறது. இவை தெரியாமல் அனுப்பும் டியூஷன் பிள்ளையைக் களைக்க வைக்கும், அவ்வளவுதான். புதிதாக வந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது வகுப்பில் ஒரு பிடிப்பும் இரண்டு மூன்று நண்பர்களும். நண்பர்கள் கிடைப்பது அனேகமாக மைதானத்திலும் மேடை ஒத்திகையிலும்தான். அதனால்தான் பாடத்தையும் நிகழ்ச்சியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் வாரம்: யாரிடம் எதைக் கேட்பது

பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், கடைசித் தவணைத் தேர்ச்சி அறிக்கை, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோவையில் வைத்திருங்கள். சேர்க்கும்போது கொடுத்திருந்தாலும் வருடத்தில் இன்னொரு முறை யாராவது கேட்பார்கள்.

அடுத்து வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் மறித்துக் கேட்க வேண்டாம். பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி, நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். முதல் சந்திப்பில் புள்ளியைப் பற்றிப் பேசத் தேவையில்லை. இப்படிக் கேட்டால் போதும்: "மிஸ், கணிதத்தில எந்த அலகு வரைக்கும் முடிஞ்சிருக்கு? மகள் பழைய பள்ளிக்கூடத்தில பின்னம் இன்னும் தொடங்கேல்லை. வீட்டில நான் எதைப் பார்த்துக்கொள்ள வேணும்?" இந்தக் கேள்விக்கு ஆசிரியர்கள் மனம்விட்டுப் பதில் சொல்வார்கள்.

பாடத்திட்டம் நாடு முழுவதும் ஒன்றுதான். தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கும் அதே பாடத்திட்டமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் அதே பாடநூலும்தான் எல்லா இடத்திலும். ஆனால் அலகுகளை எந்த வரிசையில், எந்த வேகத்தில் எடுக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். தவணைப் பரீட்சை வினாத்தாளை வலயமோ மாகாணமோ பாடசாலையோ தயாரிக்கலாம், அதைப் பொறுத்தும் வேகம் மாறும். ஆகவே "அங்கேயும் ஆறாம் தரம்தானே படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். இடைநடுவில் மாறும் பிள்ளைக்கு ஓர் அலகு இரண்டு தடவை வருவதும், இன்னொன்று முழுதாகத் தவறிப்போவதும் சாதாரணம். தவறியது எது என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். பாடநூல் கைக்கு வரத் தாமதமானால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பாடநூல்கள் இருக்கின்றன. கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான ஈ-தக்சலாவவும் உதவும்.

இன்னொன்று, வகுப்பு வட்ஸ்அப் குழு. சேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நாளைக்கு லீவு, நாளன்றைக்கு வெள்ளை உடுப்பு என்று அங்கே வரும் செய்திகளை நாட்குறிப்போடும் சுற்றுநிருபத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வகுப்பாசிரியர், பிறகு பகுதித் தலைவர், அதற்குப் பிறகுதான் பிரதி அதிபர், அதிபர். இந்த வரிசையைத் தாண்டிப் போனால் வேலை நடக்காது, வகுப்பாசிரியரின் மனமும் நோகும்.

கொப்பியைத் திறந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு விஷயத்தைத்தான் நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். வாரத்தில் ஒருநாள், சனி காலை என்றால் நல்லது, பிள்ளையோடு உட்கார்ந்து எல்லாக் கொப்பிகளையும் ஒருமுறை புரட்டுங்கள். திட்டுவதற்காகப் பார்க்காதீர்கள். திகதிகளைப் பாருங்கள். இடையில் ஒரு வாரம் வெறுமையாக இருந்தால் ஆசிரியர் வரவில்லையா, பிள்ளை எழுதவில்லையா, ஒத்திகைக்குப் போய்விட்டதா என்று மெதுவாகக் கேளுங்கள். சிவப்புப் பேனாத் திருத்தங்களில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறதா? பாதியில் நிற்கும் கணக்கு எது? கடைசியாக எழுதிய தலைப்பு பாடநூலில் எத்தனையாம் அலகு? அரை மணி நேரத்தில் வகுப்பு எங்கே நிற்கிறது என்பது விளங்கிவிடும். தேர்ச்சி அறிக்கை தவணை முடிந்துதான் வரும். கொப்பி அதை எட்டுப் பத்து வாரம் முன்னரே சொல்லிவிடும்.

பிள்ளையிடம் "இன்றைக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்பதைவிட "இன்றைக்கு யார் பக்கத்தில இருந்தாய்? என்ன செய்தீங்கள்?" என்று கேட்டால் பாடமும் நிகழ்ச்சியும் தானாகவே வெளியே வரும்.

தரம்வாரியாக வகுப்பறையில் நடப்பது

தரம் 1, 2. ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது நிறைந்த பிள்ளைகள் முதலாம் தரத்துக்கு வருவார்கள். ஆரம்ப நாட்களில் ஆசிரியர் விளையாட்டு, கதை, படம் வரைதல் வழியாகப் பிள்ளை என்ன நிலையில் இருக்கிறது என்று இனங்காண்பார். அந்த நாட்களில் "இன்னும் எழுத்துத் தொடங்கவில்லையே" என்று பதற வேண்டியதில்லை. கால்கோள் விழா அன்று இரண்டாம் தரத்துப் பிள்ளைகள் புதியவர்களைக் கைபிடித்து வரவேற்பார்கள், ஆட்டமும் பாட்டும் இருக்கும். ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டாவது போய்விடுங்கள். இந்த இரண்டு தரங்களிலும் தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், சமயம் ஆகியவையே பிரதானம். ஆங்கிலமும் சிங்களமும் முதலில் பேச்சு வழியாகவே வரும். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்த பிள்ளைக்கு வேன் சாரதி, சிற்றுண்டிச்சாலை அக்கா, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சிங்களம் பேசுவது புதிதாக இருக்கும். பயப்படுத்தாமல், நாளுக்கு இரண்டு வசனம் வீட்டிலும் சொல்லிப் பழக்கினால் போதும்.

தரம் 3, 4, 5. எழுத்து கூடும், கொப்பி கூடும். ஆனால் எல்லாவற்றையும் மூடி நிற்பது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பதும், ஆறாம் தரத்துக்கு வேறு பாடசாலை தேடும் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளி அடிப்படையில் இடம் கொடுப்பதும் இதன் நோக்கம். பாடசாலைக்கான வெட்டுப்புள்ளி மொழிமூலத்துக்கேற்ப வேறுபடும், அதனால் சிங்களமொழிமூலப் புள்ளியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன்: பிள்ளை இப்போது படிக்கும் பாடசாலை உங்களுக்குத் திருப்தி, அங்கேயே ஆறாம் தரமும் உண்டு என்றால், இந்தப் பரீட்சைக்காக மூன்றாம் தரத்திலிருந்தே விளையாட்டையும் சங்கீதத்தையும் நிறுத்துவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஐந்தாம் தரத்தில் பாடசாலை வைக்கும் மேலதிக வகுப்பும், கடந்தகால வினாத்தாள்களைக் கிரமமாகச் செய்வதும் நிறையப் பிள்ளைகளுக்குப் போதுமானவை.

தரம் 6 முதல் 9. அதுவரை ஒரே வகுப்பாசிரியரின் நிழலில் இருந்த பிள்ளைக்கு இனிப் பாடத்துக்கொரு ஆசிரியர். விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி, சுகாதாரமும் உடற்கல்வியும், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று பட்டியல் நீளும். புலமைப்பரிசிலில் இடம் மாறி வரும் பிள்ளைகளால் ஆறாம் தர வகுப்புகளில் பாதிப்பேர் புதியவர்களாக இருப்பதும் உண்டு. கொழும்புக்கு மாறுவதை நீங்களே திட்டமிட முடிந்தால், ஆறாம் தரத் தொடக்கம் பிள்ளைக்கு மிகவும் இலகுவான நேரம்.

இந்தக் கட்டத்தில் பெற்றோர் கவனிக்காமல் விடும் ஒன்று அழகியல் பாடம். சித்திரம், கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றில் எது இருக்கிறது என்பது அந்தப் பாடசாலையில் எந்த ஆசிரியர் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஊரில் மூன்று வருடம் சங்கீதம் படித்த பிள்ளை இங்கே வந்து இடமில்லாமல் சித்திரத்தில் உட்கார்ந்தால், அதன் விளைவு பத்தாம் தரத்தில் பாடம் தெரிவுசெய்யும்போது வரும். சேர்க்கும்போதே கேளுங்கள். அதேபோல இருமொழிக் கல்வி இருக்கிறதா, எந்தப் பாடங்கள் ஆங்கிலத்தில், விருப்பத்தின்படியா தெரிவின்படியா என்றும் கேட்டுவையுங்கள். பிள்ளையின் ஆங்கிலம் இன்னும் தடுமாறுகிறது என்றால் விஞ்ஞானத்தைத் தமிழில் ஒழுங்காக விளங்கிப் படிப்பதே மேல்.

தரம் 10, 11. க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மற்ற மூன்றும் மூன்று தொகுதிகளில் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்வது. முதல் தொகுதியில் வணிகக் கல்வி, புவியியல், குடியுரிமைக் கல்வி, இரண்டாம் மொழி போன்றவை. இரண்டாவதில் அழகியல் பாடங்களும் தமிழ் இலக்கிய நயமும். மூன்றாவதில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், மனைப் பொருளியல், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் போன்றவை. எல்லாமே எல்லாப் பாடசாலையிலும் இருக்காது. நண்பன் எடுத்தான் என்று எடுக்காமல், ஒன்பதாம் தர மூன்றாம் தவணையிலேயே பாட ஆசிரியரோடு பேசுங்கள்.

தரம் 12, 13. மூன்று பிரதான பாடங்களோடு பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரண பரீட்சையும் (Common General Test). பௌதிக விஞ்ஞானம், உயிரியல், வணிகம், கலை, தொழினுட்பம் என்று பிரிவுகள் இருந்தாலும், தமிழ்மொழிமூலத்தில் ஐந்தும் உள்ள பாடசாலை கொழும்பில் அரிது. சாதாரண தரம் எழுதும் முன்பே, இதே பாடசாலையில் பிள்ளை விரும்பும் பிரிவு உண்டா என்று உறுதிப்படுத்துங்கள். உயர்தரத்துக்காகவே கொழும்புக்கு மாற நினைக்கும் குடும்பங்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியால் (வெவ்வேறு பாடங்களை ஒப்பிடக்கூடியதாகத் தரப்படுத்திய உயர்தரப் புள்ளி) நடந்தாலும், பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கொழும்பு மாவட்டத்தில் போட்டி கடுமை. உங்கள் பிள்ளை எந்த மாவட்டத்துக்குள் கணக்கிடப்படும் என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வாசித்துவிட்டு முடிவெடுங்கள். நகரத்தில் டியூஷன் நன்றாக இருக்கிறது என்ற ஒரு காரணம் இதற்குப் போதாது.

இப்போது பாடத்திட்டச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது. சில தரங்களில் பாடப் பெயரும் மதிப்பிடும் முறையும் மாறும். உங்கள் பிள்ளையின் தரத்துக்கு எது நடைமுறையில் இருக்கிறது என்பதைத் தவணைத் தொடக்கப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருடத்தில் வருபவை

கல்வி அமைச்சு தவணைத் திகதிகளை முன்கூட்டியே அறிவிக்கும். அதைச் சமையலறைக் கலண்டரில் எழுதிவிடுங்கள். பொதுவாக முதலாம் தவணை சித்திரைப் புத்தாண்டோடும், இரண்டாம் தவணை ஓகஸ்ட் வாக்கிலும், மூன்றாம் தவணை டிசம்பரிலும் முடியும். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு சில வருடங்கள் கல்வியாண்டே தள்ளிப்போனது. பொதுப் பரீட்சைகளும் அப்படியே. முன்பு உயர்தரம் ஓகஸ்டிலும் சாதாரண தரம் டிசம்பரிலும் நடந்தன, பின்னர் மாறிவிட்டன. மூத்த பிள்ளையின் காலத்து நினைவை வைத்துத் திட்டமிடாமல், பரீட்சைகள் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். பாடசாலை பரீட்சை நிலையமாக இருந்தால் மற்றத் தரங்களுக்கு விடுமுறை வரும், அதையும் கணக்கில் எடுங்கள்.

முதலாம் தவணையில் பொங்கல் விழா, பெப்ரவரி 4 சுதந்திர தினம், அதன்பின் இல்ல மெய்வல்லுநர்ப் போட்டி. இல்லப் போட்டிதான் புதிய பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் பெரிய வாய்ப்பு. சேர்ந்தவுடன் பிள்ளை எந்த இல்லம் என்று கேட்டு, இல்லப் பொறுப்பாசிரியரிடம் பெயரைக் கொடுங்கள். ஓட முடியாத பிள்ளைக்கும் அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, இல்ல அலங்காரம் என்று இடம் இருக்கிறது. கொழும்பில் சொந்த மைதானம் இல்லாத பாடசாலைகள் வெளியே மைதானம் எடுத்துப் போட்டி நடத்தும். பயிற்சி நாட்களில் பிள்ளை எத்தனை மணிக்கு, எங்கிருந்து திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம், மார்ச் வெயில் சும்மா விடாது. மார்ச்சில் பாடசாலைகளுக்கிடையிலான பெரிய கிரிக்கெட் போட்டிகளும் வரும். 1879இல் தொடங்கிய ரோயல் - தோமியன் நாட்களில் கறுவாத்தோட்டம் பக்க வீதிகள் நெரிசலாகிவிடும். வேன் தாமதமானால் பதற வேண்டாம்.

அப்புறம் தமிழ்த் தினப் போட்டி. பாடசாலையில் தொடங்கி கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி, தேசிய மட்டம் வரை போகும். வாசிப்பு, எழுத்தாக்கம், பேச்சு, பாவோதல், கவிதை, கட்டுரை, இசை, நடனம், நாடகம், விவாதம் என்று தரப் பிரிவுகளுக்கேற்ப நிறைய இருக்கின்றன. பாடசாலை மட்டத் தெரிவு சில நேரம் இரண்டு மூன்று நாள் அறிவித்தலிலேயே நடந்து முடிந்துவிடும். சேர்ந்த வாரமே தமிழ்ப் பாட ஆசிரியரிடம் "எப்போது தெரிவு?" என்று கேட்டுவையுங்கள். ஊரில் நல்ல தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை இங்கே வந்து கூச்சத்தால் பின்வரிசையில் இருக்கும். ஒரு பேச்சுப் போட்டி அந்தப் பிள்ளையை வகுப்புக்கே அறிமுகப்படுத்திவிடும். இதை நான் மிகவும் நம்புகிறேன். வெற்றி இரண்டாம்பட்சம், பெயரைக் கொடுக்க வைப்பதுதான் பெற்றோரின் வேலை. ஆங்கில தினப் போட்டி, சமூக விஞ்ஞானப் போட்டி, கணிதப் போட்டிகளுக்கும் இதே வழிதான்.

ஆடிவேல் நாட்களில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேர் வரும்போது காலி வீதியில் போக்குவரத்து மாறும், அதைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் தவணையில் நவராத்திரியோடு வாணி விழா, ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம், அந்த மாதம் முழுக்க வாசிப்பு மாதம், கத்தோலிக்க, கிறிஸ்தவப் பிள்ளைகள் உள்ள பாடசாலைகளில் ஒளி விழா. வாணி விழாவுக்கு இஸ்லாமிய, கிறிஸ்தவ நண்பர்களும் மண்டபம் அலங்கரிக்க வருவார்கள், ஒளி விழாவில் சைவப் பிள்ளைகள் பாடுவார்கள். கொழும்புப் பாடசாலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிள்ளை கலந்துகொள்வதைத் தடுக்காதீர்கள்.

சுகாதாரம், போக்குவரத்து, பணம்

பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குச் சுகாதார உத்தியோகத்தர்கள் குறிப்பிட்ட தரங்களுக்கு வருவார்கள். ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் கொடுக்கப்படுகிறது, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. இடையில் பாடசாலை மாறினால் இரண்டாவது ஊசி தவறிப்போகலாம், வகுப்பாசிரியரிடம் ஞாபகப்படுத்துங்கள். மழைக் காலத்தில் டெங்கு, ஆகவே நீளக் காலுறையும் நுளம்பு விரட்டிக் களிம்பும்.

வேன் என்றால் சாரதியின் இலக்கத்தோடு அதே வேனில் போகும் இன்னொரு பெற்றோரின் இலக்கமும் கையில் இருக்கட்டும். சில பாதைகளில் மாணவர்களுக்கான சிசு செரிய பஸ் இருக்கிறது, கட்டணம் குறைவு.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம், வகுப்புப் பெற்றோர் வட்டம் என்று பணம் கேட்கும்போது பற்றுச்சீட்டுக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். கட்ட முடியாத நிலை என்றால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். சுற்றுலாவுக்கோ ஆடைக்கோ பணமில்லை என்பதற்காகப் பிள்ளையை நிகழ்ச்சியிலிருந்து நிறுத்திவைக்காதீர்கள், பல நேரங்களில் வழி கிடைக்கும்.

வகுப்புக்கு வெளியே, நகரத்துக்குள்ளேயே

தலைநகரில் இருப்பதன் உண்மையான பயன் இதுதான். ஆறாம் ஏழாம் தர வரலாற்றுப் பாடம் ஓடும்போது 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப்போங்கள், பாடநூலில் படமாக இருந்ததைப் பிள்ளை நேரில் பார்க்கும். சூரிய குடும்பம் படிக்கும் பிள்ளைக்குக் கோளரங்கம், காட்சி நேரத்தை முதலிலேயே விசாரியுங்கள். சுற்றாடல் பாடத்துக்கு பெத்தகான ஈரநிலப் பூங்காவும் தெஹிவளை மிருகக்காட்சிசாலையும். வெள்ளவத்தையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் தமிழ்த் தினப் போட்டிக்கான தயாரிப்புக்கு நல்ல நூல்கள் கிடைக்கும். செப்டெம்பர் வாக்கில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு வாரநாளில் போனால் நெரிசல் குறைவு.

வருடக் கடைசியில்

மூன்றாம் தவணை அறிக்கையை வாங்கப் போகும் நாளில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அடுத்த தரத்தின் பாடநூல்கள் எப்போது கொடுக்கப்படும், கொப்பிப் பட்டியல் எப்போது வரும், வகுப்புகளைக் கலைத்துப் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள். கொப்பிப் பட்டியல் கையில் வரும்வரை புறக்கோட்டைக்குப் போய் மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒரு பாடத்துக்கு சி.ஆர். கொப்பி, இன்னொன்றுக்குச் சதுரக் கோட்டுக் கொப்பி என்று ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு முறை இருக்கும். இந்த வருடக் கொப்பிகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் வையுங்கள். அடுத்த வருடம் முதல் தவணையில் பழைய அலகு ஒன்றைத் திருப்பிப் பார்க்க நிச்சயம் தேவைப்படும்.